முழிப்பியல்: முதல் சொடுக்காட்டத்தைத் தேர்வது பற்றி ஓர் ஆய்வு

கதவு பூட்டியிருக்கிறது. சாவி வேறெங்கோ இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் அதைச் சும்மா தர மாட்டார். பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர் எனப்படும் கணினி ஆட்ட வகையின் நாற்பதாண்டு இலக்கியத்தையும் இந்த மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம். எஞ்சியது உரையாசிரியர்களின் வேலை. இக்கட்டுரையும் அத்தகைய உரைகளுள் ஒன்று.

"எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?" என்று புதிதாக வருகிறவர் கேட்கிறார். இத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரைச் சொல்கிறார்கள். கேட்டவர் அதை வாங்கி, முதல் அரைமணி நேரம் ரசித்து, பிறகு ஒரு பூட்டிய கதவின் முன் நின்று திருதிருவென்று முழித்து, அதன்பின் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. இதுகாறும் பரிந்துரைத்தோர் எல்லாம் கதை, படம், இசை ஆகியவற்றையே அளவுகோலாகக் கொண்டனர். ஆட்ட நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கும் ஒரு செயலை யாரும் ஆய்வுக்கு உட்படுத்தவில்லை. அச்செயல் முழித்தல்.

ஆகவே இவ்வாய்வாளரின் கருதுகோள் பின்வருமாறு: தொடக்கநிலையாளர் ஓர் ஆட்டத்தை அதன் கதையைப் பார்த்துத் தேர்வது முறையன்று, அதில் எவ்வகை முழிப்பு முழிக்க நேரும் என்று பார்த்துத் தேர வேண்டும். இப்புதிய துறைக்கு முழிப்பியல் என்று பெயர் சூட்டி நெறியாளரிடம் சென்றபோது, கண் மருத்துவத் துறைக்குப் போகச் சொன்னார். அறிவுலகம் புதியவற்றை எப்போதும் இப்படித்தான் வரவேற்றிருக்கிறது.

ஆய்வு எல்லை

மவுஸால் ஒரு பொருளைச் சுட்டி, சொடுக்கி, பையில் போட்டு, இன்னொரு பொருளோடு சேர்த்துக் கதையை நகர்த்தும் ஆட்டங்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கு முந்திய தலைமுறையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். கென் வில்லியம்ஸ், ரோபெர்ட்டா வில்லியம்ஸ் தம்பதியர் 1980-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளியிட்ட மிஸ்டரி ஹவுஸில் படம் உண்டு. ஆனால் கதவைத் திறக்கும்படி எழுத்தெழுத்தாக அடித்துச் சொல்ல வேண்டும். எந்தச் சொல் இயந்திரத்துக்குப் புரியும் என்பது எழுதியவர்களுக்கே வெளிச்சம். அது அகராதி முழிப்பு. நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1985-இல் மெக்கின்டாஷில் வந்த தேஜா வூ சொடுக்கும் வழியைத் திறந்தது. 1987-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தின் மேனியாக் மேன்ஷன் அதற்கு இலக்கணம் வகுத்தது. திரையின் அடியில் 15 கட்டளைகள் வரிசையாக நிற்கும். "திற" என்பதைச் சொடுக்கி, அப்புறம் கதவைச் சொடுக்கினால் வாக்கியம் தானாக அமையும். வினையும் செயப்படுபொருளும் நாம் கொடுப்பவை. எழுவாய் எப்போதும் மாட்டிக்கொண்டவர்.

அந்தக் கட்டளைகள் நாளடைவில் தேய்ந்தன. 1993-இல் வந்த டே ஆஃப் த டென்டக்கிளில் அவை 9. அதற்கு முன்பே, 1990-இல், பிரையன் மோரியார்ட்டி உருவாக்கிய லூமில் ஒரு கட்டளையும் கிடையாது, பையும் கிடையாது. நாயகனின் கையில் ஒரு நெசவுக்கோல். அதில் நான்கு சுரங்களை முறைப்படி வாசித்தால் மந்திரம் பலிக்கும். கட்டளை குறையக் குறைய ஆட்டம் எளிதாகும் என்பாரும் உளர். அது பொருந்தாது. எங்ஙனமெனின், கட்டளையே இல்லாத மிஸ்ட்டைக் காண்க.

ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் மிஸ்ட் 1993-இல் வந்தது. 60 லட்சத்துக்கு மேல் விற்றது. 2002-இல் த சிம்ஸ் முந்தும் வரை கணினி ஆட்டங்களில் அதுவே விற்பனையில் முதலிடம். அழகான தீவு. சாவு இல்லை, எதிரி இல்லை, அவசரம் இல்லை. ஆகவே புதியவர்க்கு ஏற்றது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அத்தீவில் இறக்கிவிடப்படும் ஆளிடம் எடுத்த எடுப்பில் யாரும் எதுவும் கேட்பதில்லை. எதைச் செய்ய வந்தோம் என்பதே பல மணி நேரம் கழித்துத்தான் பிடிபடும். விடை தெரியாமல் முழிப்பது மனித இயல்பு. வினாவே தெரியாமல் முழிப்பது துறவியர்க்கு உரியது. வினாவை வெளிச்சத்தில் வைத்து விடையை மட்டும் ஒளிக்கும் ஆட்டமே தொடக்கநிலையாளர்க்கு ஆகும் என்பது இவ்வாய்வின் முதல் விதி. மிஸ்ட்டை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஆடலாம். படத்துக்காக மட்டும் வாங்குவோர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதையும் தவறென்று சொல்வதற்கில்லை.

முன்னாய்வுகள்

மேனியாக் மேன்ஷனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ரான் கில்பர்ட், அட்வென்ச்சர் ஆட்டங்கள் ஏன் சகிக்கவில்லை என்று 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அடுக்கிய குற்றங்களில் சில அவருடைய ஆட்டத்திலேயே இருந்தன. வேறு முன்னாய்வுகள் இவ்வாய்வாளருக்குத் தேவைப்படவில்லை.

முழிப்பின் வகைகள்

இப்பகுதிக்கு இவ்வாய்வாளரே ஒரு நூற்பா யாத்துள்ளார்:

காணா முழிப்பே இணையா முழிப்பே
ஓரா முழிப்பே மீளா முழிப்பென
நான்கென மொழிப நாளும் முழித்தோர்.

காணா முழிப்பாவது, தேவையான பொருள் திரையிலேயே இருந்தும் கண்ணில் படாமல் முழிப்பது. பழைய ஆட்டங்களில் படம் பெரும் புள்ளிகளால் ஆனது. நான்கைந்து புள்ளி அகலத்தில் ஒரு சாவி கிடக்கும், அதே நிறத்தில் தரையும் இருக்கும். விளைவு, மவுஸை எடுத்து வயலை உழுவதுபோல் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது மூளைக்கான சோதனை அன்று, மணிக்கட்டுக்கானது. பின்னாளில் வந்த பல ஆட்டங்களிலும் மறுபதிப்புகளிலும் ஒரு விசையை அழுத்தினால் தொடத்தக்க பொருள்கள் அனைத்தும் தம்மைக் காட்டிக்கொள்ளும். இவ்வசதி உண்டா என்பதை வாங்குமுன் பார்க்க. இதைப் பயன்படுத்துவது கோழைத்தனம் என்று பழம் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுடைய மணிக்கட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இணையா முழிப்பே இத்துறையின் உயிர். பொருள் கையில் இருக்கிறது, தடை கண்முன் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. வந்ததும் நெற்றியில் அடித்துக்கொள்வோம். அந்த அடிக்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். 1990-இல் கில்பர்ட்டும் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் சேர்ந்து செய்த த சீக்ரெட் ஆஃப் மங்க்கி ஐலண்ட் இதற்குச் சிறந்த சான்று. கடற்கொள்ளையனாக வேண்டும் என்று ஒரு தீவுக்கு வந்து சேரும் கைப்ரஷ் த்ரீப்வுட் என்னும் அப்பாவிக்கு, நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி ஒன்று கிடைக்கிறது. இதை வைத்து என்ன செய்வது என்று எல்லோரும் சிரிப்பார்கள். வேறோர் இடத்தில், ஒரு குட்டித் தீவுக்கு வடம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதைக் கடக்க வழியில்லை. பொருளின் பெயரிலேயே விடை இருக்கிறது. கோழியைப் பார்த்துச் சிரித்ததில் கப்பியைக் கவனிக்கத் தவறியது நம் பிழை. பிழை நம்முடையது என்று நாமே ஒப்புக்கொள்ளும்படி முழிக்கவைப்பதுதான் நல்ல ஆட்டத்தின் இலக்கணம்.

டே ஆஃப் த டென்டக்கிள் இதில் இன்னும் ஒரு படி மேல். மூன்று பேர், ஒருவன் இன்று, ஒருவன் 200 ஆண்டு முந்திய காலத்தில், ஒருத்தி 200 ஆண்டு பிந்திய காலத்தில். மூவரும் கழிவறை வடிவிலான கால இயந்திரங்கள் வழியே பொருள்களை அனுப்பிக்கொள்ளலாம். வருங்காலத்தில் குளிரில் நடுங்கும் ஒரு வெள்ளெலிக்குச் சட்டை வேண்டும். கையில் இருப்பதோ பெரிய கம்பளிச் சட்டை. துணி உலர்த்தும் இயந்திரத்தில் அதைப் போட்டு, காசை அள்ளிப் போட்டுவிட்டால், 200 ஆண்டு சுற்றிச் சுற்றி அது எலி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கம்பளியைச் சூட்டில் போட்டால் சுருங்கும் என்பது துவைக்கிறவர் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் அந்த உண்மையை நீட்டியிருக்கிறது, அவ்வளவே. இதற்குள்ளேயே ஓர் அறையில் இருக்கும் கணினியில் பழைய மேனியாக் மேன்ஷன் முழுவதையும் ஆடலாம் என்பது உபரித் தகவல்.

இனி ஓரா முழிப்பு. ஓர்தல் என்பது உய்த்துணர்தல். எவ்வளவு ஓர்ந்தாலும் ஆசிரியர் மனத்தில் இருந்ததை எட்ட முடியாத நிலை இது. 1999-இல் வந்த கேப்ரியல் நைட் 3-இன் மீசைப் படலத்தை இத்துறையில் அறியாதார் இல்லை. நாயகனுக்கு வாடகை மோட்டார் பைக் வேண்டும். அதைப் பெற மோஸ்லி என்னும் நண்பனாக வேடமிட வேண்டும். ஆகவே அவன் ஒரு கொட்டகைத் துளையில் ஒட்டுநாடாவை ஒட்டி, அவ்வழியே ஒரு பூனையை ஓடவைத்து, நாடாவில் ஒட்டிய பூனை மயிரை இனிப்புப் பாகால் உதட்டின் மேல் ஒட்டி மீசை செய்துகொள்கிறான். இதில் ஒரு சிறு சிக்கல்: மோஸ்லிக்கு மீசை கிடையாது. ஆகவே மோஸ்லியின் பாஸ்போர்ட்டைத் திருடி, அதில் உள்ள படத்துக்குப் பேனாவால் மீசை வரைய வேண்டும். அட்வென்ச்சர் ஆட்டங்களைக் கொன்றது யார் என்று கேட்டு 2000-இல் ஓல்ட் மேன் மர்ரி தளம் எழுதிய பகடிக் கட்டுரை இந்தப் பூனையையே சாட்சிக் கூண்டில் ஏற்றியது. பாவம் பூனை.

மொழியால் வரும் முழிப்பும் இதன் கிளையே. 1991-இல் வந்த மங்க்கி ஐலண்ட் இரண்டாம் பாகத்தில் அருவியை நிறுத்த ஒரு குழாயைத் திருக வேண்டும்; அதற்குக் கருவியாக ஒரு குரங்கையே பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் ஒரு வகை ஸ்பேனருக்குக் குரங்கின் பெயர் உண்டு என்பது தெரிந்தால் சிரிப்பு வரும். தெரியாவிட்டால் குரங்கும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் சரளமாகப் படிப்போருக்கும் இது பொருந்தும். இங்கிலாந்துக்காரர்களே முழித்த இடம் அது.

1996-இன் ப்ரோக்கன் ஸ்வோர்டில் வரும் ஆடு தனி வகை. அயர்லாந்தில் ஓர் இடிந்த கோட்டையருகே நாயகனை முட்டித் தள்ளும். அதுவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்று பழக்கிய ஆட்டம், அங்கே மட்டும் முட்டுப்பட்டு எழுந்த கையோடு ஓடச் சொல்லும். அறிவிப்பு ஏதும் கிடையாது. மற்றபடி நல்ல ஆட்டம்; ஆட்டைப் பற்றி மட்டும் முன்கூட்டியே யாரிடமாவது கேட்டுக்கொள்க.

மீளா முழிப்பு கொடிது. 1990-இல் சியாரா நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் க்வெஸ்ட் 5-இல், ஊரில் ஓரிடத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். சில நொடிகள்தான். அப்போது பூனைமேல் எதையாவது எறிந்து எலியைக் காப்பாற்ற வேண்டும். வேடிக்கை பார்த்து நின்றால் ஒன்றும் ஆகாது, ஆட்டம் நன்றாகவே தொடரும். வெகுநேரம் கழித்து ஒரு விடுதியின் நிலவறையில் உங்களைக் கட்டிப் போடுவார்கள். காப்பாற்றப்பட்ட எலி வந்து கயிற்றைக் கடித்து விடுவிக்கும். காப்பாற்றாதவருக்கு எலியும் வராது, விடுதலையும் வராது. அதே ஆட்டத்தில் பனிமலையில் பசிக்கும். பையில் கஸ்டர்ட் பை இருக்கிறதே என்று தின்றால், பின்னால் வரும் பனிமனிதன் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்தது என்று நமக்கு மட்டும் சொல்லவில்லை. மற்ற மூன்று முழிப்புகளில் யோசித்தால் விடிவு உண்டு, அல்லது யாரையாவது கேட்டால் உண்டு. இதில் யோசிப்பவனின் யோசனையே வீண். ஆகவேதான் மீளா முழிப்புள்ள ஆட்டம் எதையும் முதல் ஆட்டமாகக் கொள்ளலாகாது என்பதை இரண்டாம் விதியாக வகுக்கிறோம். இதற்கு விலக்கே இல்லை.

கால் தவறினாலே ஆளைக் கொன்றுவிடும் சியாராவின் இன்னொரு வழக்கத்தை மங்க்கி ஐலண்ட் கேலி செய்யவும் தவறவில்லை. கைப்ரஷ் பாறை விளிம்பிலிருந்து விழுவான். செத்துவிட்டாய், பழைய இடத்திலிருந்து ஆடுகிறாயா என்று ஒரு பெட்டி தோன்றும். மறுகணம் கீழிருந்து துள்ளி மேலே வந்து நிற்பான். கீழே ரப்பர் மரமாம்.

களப்பணி

தகவலாளர் ஒருவர்: இவ்வாய்வாளரின் பெரியப்பா. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். கணினியில் சாலிட்டர் தவிர வேறு அறியாதவர். ஒருவரை வைத்துப் பொதுமுடிவுக்கு வரலாமா என்று கேட்கலாம். பெரியம்மா மறுத்துவிட்டார் என்பதே விடை.

முதற்கண் அவர்முன் வைக்கப்பட்டது மெஷினேரியம். செக் நாட்டு அமானிட்டா டிசைன் குழுவினர் 2009-இல் வெளியிட்டது. யாக்கூப் த்வோர்ஸ்கி தலைமையில் கையால் வரைந்த படங்கள். கதையில் ஒரு சொல்கூடக் கிடையாது. பேச்செல்லாம் தலைக்கு மேல் குமிழிக்குள் ஓடும் கோட்டோவியம். குப்பைமேட்டில் எறியப்பட்ட ஒரு தகர ரோபோ, சிதறிய தன் உறுப்புகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு நகருக்குள் போக வேண்டும். மொழித்தடை இல்லை, வினா வெளிச்சத்தில் இருக்கிறது, இரண்டு விதிகளுக்கும் உட்படுகிறது. எனினும் ஐந்தாவது நிமிடத்தில் தகவலாளர் மவுஸைத் தூக்கி ஆட்டினார்.

"டேய், மவுஸ் ரிப்பேர். அமுக்குறேன், எடுக்க மாட்டேங்குறான்."

"ரிப்பேர் இல்ல பெரியப்பா. அவன் கைக்கு எட்டுற தூரத்துல போய் நிக்கணும், அப்பத்தான் எடுப்பான்."

"அத முதல்ல சொல்ல வேணாமா?"

அவர் கேட்டது நியாயம். எட்டும் தூரத்தில் உள்ளதை மட்டுமே தொட முடியும் என்பதும், ரோபோ தன் உடம்பை நெடிதாக்கியும் குட்டையாக்கியும் கொள்ளும் என்பதும் இவ்வாட்டத்தின் தனி விதிகள். புதியவரிடம் இவ்விரண்டையும் சொல்லி உட்காரவைத்தால் போதும். பாதையோரக் கூம்பு ஒன்றை நீலப் பெயின்ட்டில் தோய்த்து, விளக்கை மாட்டி, காவலரின் தொப்பியாக்கி, நகர வாயிலைத் திறக்கவைத்த கட்டத்தில் தகவலாளர் டீயை ஆறவிட்டார் என்பது பதிவு செய்யப்பட்டுள்ளது.

அடுத்து மங்க்கி ஐலண்ட், 2009-இல் வந்த சிறப்புப் பதிப்பு. பீரங்கியில் உட்கார்ந்து பறக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வேலைக்குத் தலைக்கவசம் வேண்டும். தலைக்கவசத்துக்கு ஒரு சமையல் சட்டி. சட்டி மதுக்கடைச் சமையலறையில். சமையலறைக்குள் போகச் சமையல்காரன் வெளியே வர வேண்டும். இந்தச் சங்கிலியைப் பார்த்ததும் பெரியப்பாவின் முகம் மலர்ந்தது.

"இது நம்ம ஆபீஸுடா. இருப்பிடச் சான்றுக்கு ரேஷன் கார்டு கேப்போம், ரேஷன் கார்டுக்கு இருப்பிடச் சான்று கேப்பாங்க. சர்வீஸ் பூரா ஜனங்கள இப்படித்தான அலைய விட்டோம்."

அதன்பின் அவர் உதவி கேட்கவே இல்லை. அரசு அலுவலக அனுபவம், கவுன்ட்டரின் எந்தப் பக்கத்தில் இருந்து பெற்றதாயினும், இவ்வகை ஆட்டங்களுக்கு முன்தகுதியாகக் கொள்ளத்தக்கது.

உதவி பெறுதல்

இவ்வியல் சிறிது. இன்ஃபோகாம் நிறுவனம் ஒருகாலத்தில் கண்ணுக்குத் தெரியாத மையில் விடைப்புத்தகம் அச்சிட்டு, தேய்த்தால் எழுத்துத் தோன்றும் பேனாவோடு விற்றது. சியாரா கட்டணத் தொலைபேசி எண்ணே வைத்திருந்தது. முழிக்கவைக்கவும் காசு, முழிப்பைத் தீர்க்கவும் காசு. இன்று உதவி ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. மங்க்கி ஐலண்ட் சிறப்புப் பதிப்பு கேட்டால் படிப்படியாகக் குறிப்புத் தரும். மெஷினேரியத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. முழு விடை வேண்டுமானால் ஒரு சின்னச் சுடும் விளையாட்டை ஆடிப் புத்தகத்தின் பூட்டைத் திறக்க வேண்டும், அதாவது வெட்கப்படவைத்துக் கொடுப்பார்கள். 2017-இன் திம்பிள்வீட் பார்க்கும் 2022-இன் ரிட்டர்ன் டு மங்க்கி ஐலண்டும் தொடங்கும்போதே எளிது, கடினம் என்று இரண்டு வழி காட்டுகின்றன. எளிதை எடுப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தெரிந்த இடமெல்லாம் ஒருமுறை சுற்றிவிட்டு, தெரிந்தவரிடமெல்லாம் பேசிவிட்டு, அதன்பிறகும் ஒன்றும் தோன்றாவிட்டால் குறிப்பைப் பார்த்துவிடுக.

முடிபு

ஆங்கிலம் படிக்கச் சலிப்போரும், இதுவரை எந்த ஆட்டமும் ஆடாதோரும் மெஷினேரியத்தில் தொடங்குக. ஆங்கிலம் படிப்போர் மங்க்கி ஐலண்ட் முதல் பாகத்தின் சிறப்புப் பதிப்பில் தொடங்கி, டே ஆஃப் த டென்டக்கிளின் 2016 மறுபதிப்புக்குச் செல்க. மங்க்கி ஐலண்ட் இரண்டாம் பாகத்தை நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுக. சிறுபிள்ளைகளுக்கு, கில்பர்ட்டும் ஷெல்லி டேயும் தொடங்கிய ஹ்யூமங்கஸ் என்டர்டெய்ன்மென்ட்டின் புட்-புட்டும் (1992) ஃபிரெட்டி ஃபிஷ்ஷும் (1994) போதும்; பெரியவர்கள் ஆளில்லா நேரத்தில் அவற்றை ஆடிப் பார்ப்பதில் தடையில்லை. கேப்ரியல் நைட் 3-ஐ, பூனை வளர்ப்போர் முற்றாகத் தவிர்க்க.

இவ்வளவு சொல்லியும் கிங்ஸ் க்வெஸ்ட் 5-இல்தான் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கும் வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பூனை ஓடிவரும்போது, பாலைவனத்தில் பொறுக்கிய அந்தப் பழைய பூட்ஸை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.